நீல நூல் கட்டிய தெர்மாமீட்டர்

என் மனைவி எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவைத்திருக்கிறாள். ‘தாழ்ப்பாள் பாதிதான் விழும், தூக்கிப் போடவும்’ என்று அதில் எழுதியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு உள்ளே போவார்கள். போய்த் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே இன்னொன்று: ‘நான்கு நிமிடம் முன்னால் ஓடுகிறது.’ முள்ளைத் திருப்பி வைத்துவிட்டால் சீட்டே வேண்டாமே என்று ஒருமுறை கேட்டேன். “திருப்பி வெச்சா அடுத்த மாசம் மறுபடியும் ஓடும். சீட்டு இருந்தா யாரும் ஏமாற மாட்டாங்க” என்றாள். இவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை.

நான் தையற்காரன். கல்யாணமான புதிதில் என் மேல் ஒட்டவும் ஒரு சீட்டு யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். ‘சொன்ன தேதியோடு மூன்று நாள் கூட்டிக்கொள்ளவும்.’ ஒட்டவில்லை. ஒட்டாமலே என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அவள் ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டர். இருபத்தாறு வருடமாக அதே லேப், அதே மூன்று அலமாரி. ஆசிரியர் வந்து பாடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் வருவதற்கு முன்னால் மேசைக்கு மேசை சாமான் எடுத்து வைப்பதும், போன பிறகு கழுவித் துடைத்து அலமாரியில் ஏற்றுவதும், எந்தக் குடுவை எந்தத் தட்டில் என்று நினைவில் வைத்திருப்பதும் இவள் வேலை. பள்ளி ஆண்டு மலரில் வருகிற ஆசிரியர்கள் படத்தில் கடைசி வரிசையில் பாதித் தலை தெரியும். அது என் மனைவி.

சீட்டு ஒட்டுகிற பழக்கம் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வந்தது. எடை பார்க்கிற வகுப்பில் ஒரு மாணவனின் கணக்கு மட்டும் மற்றவர்களோடு ஒத்துவரவில்லை. கவனமில்லாமல் பார்க்கிறாய் என்று ஆசிரியர் அவனை வெளியே நிறுத்திவிட்டார். மாலையில் சாமான்களைத் துடைக்கும்போது இவள் அவன் வைத்திருந்த தராசைச் சும்மா தூக்கிப் பார்த்திருக்கிறாள். இரண்டு தட்டும் காலி. ஆனாலும் இடப்பக்கம் இறங்கி நின்றது.

“அந்தப் பையன் மத்தியானம் வரைக்கும் வெயில்ல நின்னான்ங்க. தப்பு தராசோடது” என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள். சாப்பிடவும் இல்லை. மறுநாள் அந்தத் தராசில் முதல் சீட்டு ஏறியது: ‘இடது தட்டு கனம். வலது தட்டில் ஒரு தாள் துண்டு வைத்துச் சமன் செய்யவும்.’

அதற்கப்புறம் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு காந்தத்துக்கு வர்ணம் மாற்றி அடித்திருந்தார்கள். சிவப்பு இருக்கவேண்டிய பக்கம் நீலம். சீட்டு. ஒரு ஸ்டாப் வாட்ச்சை இரண்டு தடவை அழுத்தினால்தான் நிற்கும். சீட்டு. மனித உடம்பின் உள் உறுப்புகளைக் கழற்றி மாட்டிக் காட்டுகிற பெரிய பொம்மை ஒன்று உண்டு. அதன் கல்லீரல் என்றைக்கோ தொலைந்துபோய், வேறொரு பொம்மையின் கல்லீரலை வாங்கி வைத்திருந்தார்கள். அதன் வயிற்றில் இப்படி ஒட்டினாள்: ‘கல்லீரல் இரவல். அழுத்த வேண்டாம்.’ மாணவர்கள் அவளுக்கு ‘லேபிள் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். இப்போது தலை நரைத்துப்போன ஆட்கள்கூட என் கடைக்கு அளவு கொடுக்க வந்தால், “லேபிள் அக்கா எப்படி இருக்காங்க?” என்றுதான் கேட்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

போன வருடம் அந்தப் பள்ளிக்குப் புது லேப் வந்தது. எல்லாம் திரையில் எண்ணாகத் தெரிகிற கருவிகள். பழையதைக் கழித்துவிடச் சொல்லி உத்தரவு. தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். “தூக்கிப் போடறதுக்குப் பதிலா, எந்தச் சின்னப் பள்ளிக்கூடமாவது கேட்டா கொடுத்துடுங்கம்மா, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்” என்று இவளிடம் சொல்லியிருக்கிறார்.

சின்னப் பள்ளிக்கூடம் எங்கள் குடும்பத்திலேயே இருந்தது. என் தங்கை ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. பேருந்து கடைசியாகத் திரும்பி நிற்கிற இடத்தில் இறங்கி, கால்மணி நேரம் நடக்கவேண்டும். இரண்டே அறை, முப்பத்தோரு பிள்ளைகள், ஆசிரியைகள் இரண்டு பேர். அறிவியல் சாமான் என்று சொன்னால் ஒரு உலக உருண்டையும், பல பேர் கை பட்டு மங்கிப்போன ஒரு பூதக்கண்ணாடியும்தான்.

என் தங்கையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நல்லவள். ஆனால் பேச்சு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும், வளைவு நெளிவு கிடையாது. என் மனைவிக்கும் அவளுக்கும் சண்டை என்று ஒருநாளும் வந்ததில்லை, கொஞ்சிக்கொண்டதும் இல்லை. இவள் போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் சொன்ன பதிலை நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“தாராளமா குடுங்க அண்ணி. ஆனா உடைஞ்சது, ஓட்டையானதுன்னா வேண்டாம். எங்க பிள்ளைங்க ஒண்ணும் குப்பைத்தொட்டி இல்லை.”

போனை வைத்துவிட்டு என் மனைவி அதன் திரையை முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றாள். கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை. அவளுக்குத் தன் ஒன்பதாவது வயது ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருடம் அவளுக்குப் புத்தகம் வாங்க வழியில்லாமல், யாரோ வசதியான வீட்டுப் பிள்ளை படித்து முடித்த பாடப் புத்தகங்கள் பள்ளி மூலமாக வந்தன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஒரு பெரிய மனுஷி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாளாம்: ‘கிழிந்தது. யாருக்காவது கொடுத்துவிடவும்.’

“வருஷம் முழுக்கப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அதைப் படிச்சேங்க. நான்தான் அந்த யாருக்காவது” என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் சமையலறை லேப் ஆனது. மாலையில் வேலை முடிந்து அவள் பை பையாகச் சாமான் கொண்டுவந்தாள். லென்சுகளைத் துணியில் துடைத்தாள். தராசுத் தட்டுகளைப் பளபளவென்று தேய்த்தாள். துருப்பிடித்த தாங்கிகளுக்கு வர்ணம் அடித்தாள். நானும் சும்மா இல்லை. பொம்மையை வைக்க உறை தைத்தேன், காந்தங்களுக்குச் சின்னச் சின்னப் பை தைத்தேன், அதுவும் சொன்ன தேதிக்கே. கடைசியில் அவள் ஒரு அகலப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, பஞ்சை நனைத்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக ஊறவைத்து உரிக்க ஆரம்பித்தாள். இருபத்தாறு வருடத்துச் சீட்டு. கந்தலாகித் தண்ணீரில் மிதந்தன.

“இதையெல்லாம் ஏம்மா எடுக்கறே?” என்றேன்.

“இதோட போய் நின்னா, ‘இது கிழிஞ்சது, யாருக்காவது குடு’ன்னு எழுதிக் குடுத்த மாதிரிதானே?”

காந்தத்துக்கு அவளே வர்ணத்தை மாற்றி அடித்துவிட்டாள். தராசின் வலது தட்டுக்கு அடியில் ஒரு பித்தளைத் துண்டை ஒட்டிச் சமன் செய்துவிட்டாள். ஸ்டாப் வாட்ச்சின் பொத்தானைக் கழற்றித் துடைத்து, ஒரே அழுத்தில் நிற்க வைத்துவிட்டாள். கல்லீரல் இரவல் கல்லீரலாகவே இருந்தது. அதனால் யாருக்கும் வயிற்றுவலி வரப்போவதில்லை. நான்கு தெர்மாமீட்டர்கள் பாக்கி. அதில் மூன்று சுத்தம். நான்காவதில், கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற அளவுத் தகடு கீழே நழுவி, எப்போதும் இரண்டு டிகிரி கூடக் காட்டும். உள்ளே இருப்பதைச் சரிசெய்ய முடியாது. அதன் சீட்டைப் பிடித்துக்கொண்டு உரிக்கவும் மனசில்லாமல், விடவும் மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

“இது மட்டும் இருக்கட்டுமா? இல்ல, இதைக் குடுக்காமலே விட்டுடட்டுமா?”

இங்கேதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். “சின்னப் பிள்ளைங்கம்மா. சூடு, குளிர்னு தெரிஞ்சா போதாதா? ரெண்டு டிகிரியில குடியா முழுகிடும்? என் டேப்பே கால் இஞ்ச் இழுத்துக் கிடக்கு, ஊர்ல எவனாவது சட்டை இல்லாம போறானா? நாலு பிள்ளைக்கு நாலுன்னு குடு, மூணு குடுத்தா ஒண்ணு பார்த்துக்கிட்டு நிக்கும்.”

அவளுக்கு அது ஏதோ நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். உரித்துவிட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தொங்கவிடுவதற்காக மற்ற மூன்றுக்கும் வெள்ளை நூல் கட்டியவள், இதற்கு மட்டும் என் டப்பாவிலிருந்து நீல நூல் எடுத்துக் கட்டினாள். “நீல நூல் கட்டினது ரெண்டு கூடக் காட்டும்னு உங்க தங்கச்சிகிட்ட நேர்ல காதுல போட்டுடறேன்” என்றாள்.

போன அன்று காதில் போட முடியவில்லை. ஒரு வேன் பிடித்துச் சாமான்களோடு போய் இறங்கினோம். முப்பத்தோரு பிள்ளைகளும் வாசலில் வரிசையாக நின்று கைதட்டினார்கள். ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கத் திறக்க ‘ஓ’ என்று சத்தம். பொம்மையின் வயிற்றைத் திறந்து குடலை வெளியே எடுத்தபோது ஒரு வாண்டு பயந்து ஆசிரியைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இரண்டு நிமிடத்தில் அதே வாண்டுதான் குடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றது. என் தங்கை தராசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு எல்லோர் முன்னாலும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பழசுன்னதும் என்னென்னமோ நினைச்சேன் அண்ணி. புதுசு கெட்டது போங்க. ஒரு குறை சொல்ல முடியாது” என்றாள்.

என் தங்கை வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நானே கேட்டதில்லை. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில் போய் ‘ஒரு குறை இருக்கிறது’ என்று எப்படிச் சொல்வாள்? மென்று விழுங்கினாள். வேனில் திரும்பும்போது, “போன்ல சொல்லிக்கலாம்” என்றாள். நானும் “சொல்லிக்கலாம்” என்றேன். அப்புறம் புது லேப்பில் வேலை நெட்டித் தள்ளியது. சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பிள்ளைகள் செய்ததையெல்லாம் பெற்றோருக்குக் காட்டுகிறோம், அண்ணியும் நீயும் அவசியம் வரவேண்டும் என்று தங்கை கூப்பிட்டாள். காலைப் பேருந்தில் போனோம். பெரிய அறையில் பெஞ்சுகளைப் பின்னால் தள்ளிப் பெற்றோர்களை உட்கார வைத்திருந்தார்கள். எங்களுக்கு முதல் பெஞ்ச். ஒரு பிள்ளை காந்தம் வைத்து மணலிலிருந்து இரும்புத்தூளைப் பிரித்துக் காட்டியது. இரண்டு பிள்ளைகள் தராசில் ஒரு கல்லையும் ஒரு கத்தைக் காகிதத்தையும் போட்டு எது கனம் என்று எங்களையே கேட்டன. நான் தப்பாகச் சொன்னேன்.

பிறகு சுவரில் இருந்த ஒரு பெரிய அட்டையின் மேல் துணியை விலக்கினார்கள். நான்கு பெரிய பிள்ளைகள் தினமும் பத்து மணிக்கு வராந்தாவில் ஒரே இடத்தில் நின்று, ஆளுக்கொரு தெர்மாமீட்டரில் வெப்பம் பார்த்து எழுதிய அட்டவணை அது. நான்கு பேருக்கு நான்கு கட்டம். நாற்பது நாள். ஒவ்வொருவர் கட்டத்துக்கும் கீழே ஒரு ஆணி; அந்த ஆணியில் அவரவர் தெர்மாமீட்டர் தொங்கியது. முதல் மூன்றும் வெள்ளை நூல். நான்காவது நீலம்.

நீல நூலுக்கு மேலே இருந்த கட்டத்தில், ஆரம்பத்தில் பதினைந்து எண்கள் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டிருந்தன.

“இதுல ஒரு வேடிக்கை” என்று என் தங்கை பெற்றோர் பக்கம் திரும்பிச் சொன்னாள். கட்டத்துக்குச் சொந்தக்காரியான பத்து வயதுப் பெண் ஓரத்தில் நின்றிருந்தாள். “இந்தப் பொண்ணு எழுதினது மட்டும் தினமும் ரெண்டு கூடவே வரும். குமிழைக் கையால பிடிக்காதே, உன் கைச்சூடு ஏறுதுன்னு நான் சொல்லுவேன். நான் பிடிக்கவே இல்ல டீச்சர்னு அவ சொல்லுவா. பதினஞ்சு நாள் இதே பிடிவாதம். பிள்ளைங்க ‘சூட்டுக்கை’ன்னு பேரே வெச்சுட்டாங்க. அப்புறம் அவளே தினமும் குழாயடிக்குப் போய்க் கையை நல்லா நனைச்சுட்டு வந்து பார்க்க ஆரம்பிச்சா. பாருங்க, பதினாறாவது நாள்ல இருந்து ஒண்ணுகூடத் தப்பு இல்லை!”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவும் சிரித்தார். “வீட்லயும் அப்படித்தான் டீச்சர், பிடிச்ச பிடி விடமாட்டா” என்றார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்தாள்.

என் மனைவி சிரிக்கவில்லை. அந்தச் சிவப்புச் சுழிகள் எதனால் வந்தவை என்று எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் நான் நினைத்தது வேறு. முதல் பதினைந்து நாள் தப்பாகப் போய்விட்டது, அப்புறம் எப்படியோ சரியாகிவிட்டது, தொலைந்தது என்று நினைத்தேன். அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“அந்தத் தெர்மாமீட்டர் சரியா காட்டவே காட்டாதுங்க. பதினாறாம் நாள்ல இருந்து சரியா வருதுன்னா, அவ பார்க்கறதையே விட்டுட்டா. பக்கத்துப் பிள்ளையோடதைப் பார்த்து எழுதறா.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிவப்புச் சுழி போட்ட பதினைந்தும் அந்தப் பிள்ளை பார்த்தது. சுத்தமாக இருந்த இருபத்தைந்தும் பார்க்காதது.

“விடும்மா, எல்லாரும் போன பிறகு தங்கச்சிகிட்ட தனியா சொல்லிக்கலாம்” என்றேன். பூசி மெழுகுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

“தனியா சொன்னா யாருக்குப் போய்ச் சேரும்? சிரிச்சது எல்லாரும் சேர்ந்துதானே?”

எழுந்துவிட்டாள். இருபத்தாறு வருடம் படத்தின் கடைசி வரிசையில் நின்றவள், கூட்டத்தின் முன்னால் போய் நின்று பேசியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “ஒரு டம்ளர் தண்ணி வேணும்” என்றாள். ஏதோ சோதனை காட்டப்போகிறாள் என்று தங்கை சந்தோஷமாக ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். என் மனைவி ஆணியிலிருந்து நீல நூலையும் ஒரு வெள்ளை நூலையும் கழற்றினாள். வெள்ளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

“இங்க வாம்மா. உன்னோடதைப் பார்த்து எவ்வளவுன்னு சொல்லு.”

“ஒரு நிமிஷம் ஆன்ட்டி” என்று அந்தப் பெண் வெளியே ஓடினாள். எங்கே ஓடுகிறாள் என்று பார்த்தால், குழாயடிக்கு. கை இரண்டிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். நூலின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, தெர்மாமீட்டரைத் தன்னிடமிருந்து தள்ளித் தூக்கிப் பிடித்தாள். என் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

“முப்பத்திரண்டு” என்றாள் அந்தப் பெண். உடனே சுற்றிப் பார்த்துவிட்டு, “இல்ல, முப்பது” என்றாள்.

“முப்பத்திரண்டு எதைப் பார்த்துச் சொன்னே?”

“இதை.”

“முப்பது?”

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, “மத்தவங்களுக்கு அவ்வளவுதான் வரும்” என்றாள்.

என் மனைவி இரண்டு தெர்மாமீட்டரையும் நூலைப் பிடித்து ஒரே டம்ளர் தண்ணீரில் இறக்கினாள். ஒருவர் கையும் குமிழில் படவில்லை. இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றாள். பிறகு பெஞ்சிலிருந்து வேறொரு பிள்ளையின் தகப்பனாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். அவர் குனிந்து பார்த்து, வெள்ளை நூல் இருபத்தாறு, நீல நூல் இருபத்தெட்டு என்றார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்து அதையே சொன்னார்.

“இந்தப் பிள்ளை கையில சூடு இல்லைங்க” என்றாள் என் மனைவி. “தெர்மாமீட்டர்தான் தப்பு. அது எனக்கு முன்னாடியே தெரியும். அதுல ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். இங்க கொண்டுவரும்போது, பழசுன்னு யாரும் கேவலமா நினைச்சுடக் கூடாதுன்னு உரிச்சுட்டேன். நேர்ல சொல்லணும்னு நினைச்சு, பாராட்டுக் கிடைச்சதும் வாயை மூடிக்கிட்டேன். பதினஞ்சு நாள் இவ பார்த்து எழுதினது ஒவ்வொண்ணும் சரி. ரெண்டு ரெண்டா கழிச்சுப் பாருங்க, மத்த மூணு பேரோடதும் இதோட அப்படியே பொருந்தும்.”

நான் எழுந்து, “உரிக்கச் சொன்னது நான்” என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கம்போல மூன்று நாள் தாமதம்.

எல்லோரும் என் தங்கையைப் பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. பொரிந்து தள்ளப்போகிறாள், இனி அண்ணன் வீடும் தங்கை வீடும் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் அட்டைக்குப் பக்கத்தில் போய், சிவப்புச் சுழிகளை விரலால் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். வாய் முணுமுணுத்தது. பதினைந்தையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“தெர்மாமீட்டரை ஒருநாள் மாத்திக் குடுத்துப் பார்க்கணும்னு எனக்குத் தோணலையே” என்றாள். “பதினஞ்சு நாள் இவ உண்மையைச் சொல்லியிருக்கா. நான் சுழிச்சிருக்கேன்.”

பேனாவை எடுத்து, ஒவ்வொரு சுழிக்குப் பக்கத்திலும் ‘சரி’ என்று எழுதினாள். பதினைந்து தடவை. எழுதி முடித்தபோது அந்தப் பெண் அவள் பின்னால் வந்து நின்றாள்.

“மீதி இருபத்தஞ்சும் நான் பார்க்கலை டீச்சர்” என்றாள். “பக்கத்துல பார்த்து எழுதினேன்.”

“தெரியும்டா. அது உன் தப்பு இல்லை, என்னோடது” என்று என் தங்கை அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஸ்கேல் வளைந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். அது ஏற்கெனவே ஒதுங்கித்தான் இருந்தது.

என் மனைவியின் கைப்பையில் எப்போதும் சீட்டுக் கட்டும் பேனாவும் இருக்கும். வெளியே எடுத்தாள். எழுதப் போனவள் நிறுத்தி, சீட்டையும் பேனாவையும் அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். ஈரக்கையில் சீட்டு நனைந்துபோனது. என் மனைவி அதைக் கசக்கிப் போட்டுவிட்டு, என் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி, அந்தப் பிள்ளையின் கைகளை விரல் விரலாகத் துடைத்துவிட்டாள்.

“இனிமே கையை நனைக்க வேண்டாம், என்ன?” என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள்.

“எழுது. ‘இது இரண்டு டிகிரி கூடக் காட்டும்.’”

நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு, பெஞ்சில் வைத்து எழுதினாள். எழுதிவிட்டுச் சீட்டைப் பார்த்தாள். “கீழே இடம் இருக்கு ஆன்ட்டி. இன்னொரு வரி எழுதட்டுமா?”

“எழுதேன்.”

என்ன எழுதுகிறாள் என்று முப்பது பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். அவள் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதி, தெர்மாமீட்டரில் சுற்றி ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தி, நீல நூலைப் பிடித்து அதன் ஆணியில் மாட்டினாள். என் மனைவி கிட்டப் போய் அதைப் படித்தாள். அவள் ஒட்டிய எத்தனையோ நூறு சீட்டுகளில் இந்த இரண்டாவது வரி ஒன்றில்கூட இருந்ததில்லை.

‘இது இரண்டு டிகிரி கூடக் காட்டும். பார்க்கிறவர் மேல் தப்பு இல்லை.’